அம்மப்பாவின் பழைய சூட்கேஸ்: உட்புறத் துணியை ஒட்டுவதா, கழற்றும்படி வைப்பதா?

கடலோரக்கிளி
திருகோணமலை உவர்மலையில் அம்மாவின் வீட்டைத் திருத்தும்போது அம்மப்பாவின் சூட்கேஸ் கிடைத்தது. அவர் இங்குள்ள கடற்படை டொக்யார்டில் கிளாக்காக இருந்தவர். பெட்டி 24 அங்குல நீளம், 15 அங்குல அகலம், மூடியோடு சேர்த்து 7 அங்குல உயரம். மண்ணிறம், மூலைகளில் தடித்த மட்டைக் காப்பு, முன்னால் இரண்டு கொளுக்கிப் பூட்டு. வெளிப்பக்கம் பரவாயில்லை. உள்ளேதான் பார்க்க முடியவில்லை. கோடு போட்ட கடதாசி ஒட்டியிருக்கிறார்கள். பாதி இடத்தில் பூஞ்சணம், மீதியை இராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. திறந்தால் மூக்கைப் பொத்த வேண்டும்.

இதைச் சுத்தமாக்கி, உள்ளே துணி போட்டு, குடும்பப் படங்களையும் இரண்டொரு நல்ல சேலைகளையும் வைக்க ஆசை. துணிக்கு அம்மாவின் பழைய மணிப்புரிச் சேலை ஒன்று இருக்கிறது, நடுவில் கிழிந்தது. வீடியோக்களில் எல்லாரும் பசையை ஸ்ப்ரே பண்ணி, துணியை அழுத்தி, பத்து நிமிடத்தில் வேலையை முடிக்கிறார்கள். நம்முடைய ஊர் ஈரத்துக்கு அது நிற்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பாலையூற்றுத் தச்சன்
தங்கச்சி, பசையைப் பற்றிப் பேச முதல் பெட்டி எதால் செய்தது என்று பாருங்கள். அந்தக் காலத்துப் பெட்டிகள் தோல், தகரம், சும்மா அழுத்திய மட்டை, பிறகு ‘வல்கனைஸ்ட் ஃபைபர்’ என்று பலவகை. கடைசியாகச் சொன்னது பருத்திக் கந்தலில் செய்த கடதாசியை சிங்க் குளோரைட்டில் ஊறவைத்து, அடுக்கடுக்காக ஒட்டவைத்து, கழுவிக் காயவைத்து எடுப்பது. 1897 இல் தொடங்கிய குளோப்-ட்ரொட்டர் நிறுவனம் இன்றைக்கும் அதில்தான் பெட்டி செய்கிறது. விரலால் தட்டினால் பலகை போல டொக் டொக் என்று கேட்கும். விளிம்பில் எங்கேயாவது தேய்ந்திருந்தால் பாருங்கள். இதழ் இதழாகப் பிரிந்தால் அழுத்திய மட்டை. ஒரே இறுக்கமாக, கொம்பு மாதிரி இருந்தால் ஃபைபர்.

ஏன் கேட்கிறேன் என்றால் இரண்டுமே தண்ணீரைக் குடிக்கும். மட்டை ஊதிப் பிரியும், ஃபைபர் வளையும். வளைந்த மூடியைத் திரும்ப நேராக்குவது பெரும்பாடு. அதனால் ஈரத்துணியால் தேய்த்துக் கழுவும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

கடலோரக்கிளி
தட்டிப் பார்த்தேன் அண்ணா, டொக் டொக்தான். விளிம்பும் இறுக்கமாக இருக்கிறது. அப்படியென்றால் பழைய கடதாசியை எப்படி எடுப்பது? தண்ணீர் தெளிக்காமல் வராதே.

பாலையூற்றுத் தச்சன்
முதலில் கையால் வருகிற அளவுக்கு உரியுங்கள். பூச்சி அரித்த இடம் தானாக வரும். மிச்சத்துக்கு ஒரு பழைய துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒரு உள்ளங்கை அளவு இடத்தில் சில நிமிடம் வைத்து எடுங்கள். பழைய பசை மாப் பசையாகவோ விலங்குப் பசையாகவோதான் இருக்கும். இரண்டும் இளஞ்சூட்டுக்கும் ஈரத்துக்கும் இளகும். மழுங்கிய கத்தியால் மெல்லத் தள்ளலாம். அந்த இடம் காய்ந்த பிறகு அடுத்த இடம். முழுப் பெட்டியையும் ஒரேயடியாக நனைக்க வேண்டாம். வராமல் இறுகி நிற்கும் கடதாசியை அப்படியே விடுங்கள். அது யாருக்கும் தொல்லை தராது.

வெளியில் வைத்துச் செய்யுங்கள், வாயையும் மூக்கையும் மாஸ்க்கால் மூடுங்கள். வீட்டில் இழுப்புக்காரர் யாராவது இருந்தால் அவர் கிட்டவே வரக்கூடாது.

வாடைக்காற்று
மணத்துக்கு: வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் செய்தால் பாதி வேலையைக் காற்றே பார்த்துக்கொள்ளும். பெட்டியைத் திறந்து நிழலில், காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். நேர் வெயிலில் நாள் முழுக்கப் போட்டால் தோல் கைப்பிடி வெடித்துவிடும். பிறகு பூஞ்சணம் இருந்த இடங்களைப் பாமசியில் விற்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம். ஊற்றக் கூடாது, தொட்டுத்தான். அது காய்ந்ததும் ஒரு கோப்பையில் சிரட்டைக்கரி, இன்னொன்றில் அப்பச்சோடா வைத்து மூடியைச் சாத்திவிடுங்கள். ஒரு கிழமைக்கு ஒருமுறை மாற்றுங்கள். அவசரப்பட்டு வாசனை ஸ்ப்ரே அடிக்க வேண்டாம், பழைய மணமும் புது மணமும் சேர்ந்து இன்னும் மோசமாகும்.

நப்தலின் உருண்டையும் வேண்டாம். அந்த நெடி துணியில் ஏறினால் இறங்காது, மூச்சுக்கும் நல்லதல்ல. காய்ந்த வேப்பிலையைத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள், அடிக்கடி மாற்றினால் ஓரளவுக்கு உதவும்.

பாலையூற்றுத் தச்சன்
இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மணம் முழுதாகப் போகாவிட்டால் தளபாடத்துக்கு அடிக்கிற செலக்கை ஸ்பிரிட்டில் கரைத்து உள்ளே மெல்லிசாக இரண்டு தடவை பூசுங்கள். மணத்தை அடியிலேயே அடைத்துவிடும். தண்ணீர் இல்லாததால் ஃபைபரும் வளையாது. மரத் தளபாடத்துக்கு பொலிஷ் போடுபவர்களிடம் கேட்டால் தெரியும்.

நூல்கட்டு
நாற்பது வருடத்துக்கு மேல் அச்சகத்தில் புத்தகம் கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த ஸ்ப்ரே பசையைக் கிட்டவே சேர்க்காதீர்கள். நம்முடைய வெக்கைக்கு அது இளகி, துணிக்கு மேலே மஞ்சள் திட்டாக வரும். பிறகு துணி தொங்கும். சப்பாத்து ஒட்டும் மஞ்சள் சொலுஷனும் அப்படித்தான், காலம் போகப் பொருபொருத்துக் கொட்டும்.

கோதுமை மாப் பசைக்கு நிகர் இல்லை. ஒரு கோப்பை மாவுக்கு நாலு முதல் ஐந்து கோப்பை தண்ணீர். முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மெல்லிய நெருப்பில் கண்ணாடி போல மாறும்வரை துழாவி, துணியில் வடித்து ஆறவிட வேண்டும். சூட்டோடு பூசினால் துணிக்கு மேலே ஊறும். பூச்சிக்கு ஒரு சிட்டிகை துருசு போடுவது எங்கள் வழக்கம். மீண்டும் எடுக்க வேண்டுமென்றால் ஈரம் போதும், பெட்டிக்குச் சேதமில்லை. பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசையால் ஒட்டினால் பிறகு கடவுள் வந்தாலும் கழற்ற முடியாது.

ஊசியும்நூலும்
ஸ்ப்ரே பசை வேண்டாம் என்று ஐயா சொல்வது எனக்குச் சம்மதம், ஆனால் பெட்டியில் நேராக ஒட்டுவது சம்மதமில்லை. மாப்பசை என்றால் இராமபாணத்துக்கு விருந்து. கிளியின் பெட்டியில் கடதாசியை அரித்ததே அந்த மாவுக்குத்தான். துருசு போட்டால் பூச்சி குறையலாம், ஆனால் அது நஞ்சு, வெளிர் நிறத் துணியில் பச்சை பிடிக்கும், பிள்ளைகள் கை வைக்கும் பெட்டி வேறு.

நான் சொல்வது: பெட்டியில் எதையுமே ஒட்டாதீர்கள். மட்டையை அளவுக்கு வெட்டி, மட்டைக்குத் துணி போர்த்தி, அதைப் பெட்டிக்குள் செருகுங்கள். மார்கழி மழை முடிந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வெயில் காட்டலாம். துணி அழுக்கானால் தோய்க்கலாம். நம்முடைய கடற்காற்றில் உப்பு இருக்கிறது, உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒட்டிய துணிக்கும் சுவருக்கும் நடுவில் அந்த ஈரம் போய் உட்கார்ந்தால் வெளியில் தெரியாமலே பூஞ்சணம் வளரும்.

கடலோரக்கிளி
அக்கா, இது எனக்குப் பிடித்திருக்கிறது. எத்தனை துண்டு, எவ்வளவு துணி என்று சொல்வீர்களா?

ஊசியும்நூலும்
பத்துத் துண்டு. அடிக்கு ஒன்று, மூடிக்கு ஒன்று. அடிப்பெட்டியின் நாலு சுவருக்கு நாலு, மூடியின் நாலு சுவருக்கு நாலு. உங்கள் பெட்டி 7 அங்குலம் என்றால் பெரும்பாலும் அடிப்பக்கம் 5, மூடி 2 என்று பிரிந்திருக்கும், நீங்களே அளந்து பாருங்கள். வெளியளவை நம்பவே கூடாது, உள்ளளவுதான். நாலு மூலையும் ஒரே அளவாக இருக்காது, அதனால் கடதாசியில் மாதிரி வெட்டி உள்ளே வைத்துப் பாருங்கள். எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்று பின்னால் எழுதிவையுங்கள். இதை எழுதாவிட்டால் கடைசியில் பத்துத் துண்டையும் வைத்துக்கொண்டு முழிக்க வேண்டும்.

மாதிரியைவிட மட்டையை ஒவ்வொரு பக்கமும் 2 அல்லது 3 மில்லிமீற்றர் குறைத்து வெட்டுங்கள். துணி மடிந்து வரும்போது அந்த இடம் நிரம்பிவிடும். மேல் விளிம்பில் மட்டும் இன்னும் கொஞ்சம், அரை சென்ரிமீற்றர் அளவுக்குக் கீழே நிறுத்துங்கள். அங்கே தடித்தால் மூடி சாத்தாது, கொளுக்கி இழுபடும்.

துணி ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலம் கூட விட்டு வெட்ட வேண்டும். 45 அங்குல அகலத் துணி என்றால் ஒன்றரை யாரில் பத்துத் துண்டும் அடங்கும். மூடியின் உட்பக்கத்தில் ஒரு பை தைப்பதென்றால் இன்னும் அரை யார். 36 அங்குல அகலம் என்றால் மூன்று யார் எடுங்கள், மிஞ்சினால் மிஞ்சட்டும். புதுத்துணி என்றால் வெட்ட முன்னம் ஒருதடவை தோய்த்துக் காயவிட்டு இஸ்திரி போடுங்கள். பருத்தி சுருங்கும், பற்றிக் துணி என்றால் சாயமும் போகும்.

செருகும் ஒழுங்கு முக்கியம். அடிப்பெட்டியில் முதலில் சுவர்த் துண்டுகள், கடைசியில் அடிப்பலகை. அது நாலு சுவரையும் பிடித்துக்கொள்ளும். மூடியில் மறுவளம்: முதலில் பெரிய பலகை, பிறகு சுவர்த் துண்டுகள். அவை பெரியதன் விளிம்பைத் தாங்கும். அப்படியும் விழுமென்று பயமிருந்தால் நாலு சின்ன வெல்க்ரோத் துண்டு போதும்.

கிண்ணியா_நானா
நான் வாகன சீட் குஷன் வேலை. மட்டைக்கும் துணிக்கும் நடுவில் மெல்லிய ஸ்பொஞ்ச் வைத்தால் பார்க்க நல்ல எடுப்பாக இருக்கும், பட்டன் வைத்தும் தைக்கலாம். மூடிக்கு மட்டும் என்றாலும் செய்து பாருங்கள்.

ஊசியும்நூலும்
நானா, அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்பொஞ்ச் காலப்போக்கில் மஞ்சளாகித் தூளாகும், சேலை வைக்கிற பெட்டிக்கு அது வேண்டாமே. மெத்தென்று வேண்டுமென்றால் பழைய ஃபிளனல் துணி ஒரு மடிப்பு.

கிண்ணியா_நானா
தூளாவது உண்மைதான், பழைய சீட்டுகளைக் கழற்றும்போது மாவாகக் கொட்டும். சரி, ஃபிளனல். மட்டைக்கு என்ன போடப் போகிறீர்கள்? கடைப் பெட்டி அட்டையை வெட்டிப் போட்டுவிடாதீர்கள். நெளி அட்டை துணிக்கு மேலே வரிவரியாகத் தெரியும், அதன் குழாய்களுக்குள் கரப்பொத்தான் குடும்பமே நடத்தும். விளம்பரப் பலகைக்குப் போடும் பிளாஸ்ரிக் நெளித்தகடும் கிடைக்கும். அது ஈரத்தைக் குடிக்காது, பாரமுமில்லை.

நூல்கட்டு
பிளாஸ்ரிக் தகட்டில் பசை பிடிக்காது, தைக்கத்தான் வேண்டும். கடின மட்டை, 2 மில்லிமீற்றர் தடிப்பு, புத்தகம் கட்டும் கடைகளில் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் ஈரப்பசையும் கடதாசியும் ஒட்டினால் காயும்போது அந்தப் பக்கம் மட்டை இழுபட்டு வளையும். அதனால் மறுபக்கமும் ஒரு கடதாசி ஒட்டுங்கள், இரண்டு இழுவையும் சமனாகும். பிறகு பாரத்தின் கீழ் வைத்துக் காயவிட வேண்டும். அம்மி, உரல் எது இருந்தாலும் சரி.

நேராக ஒட்டுவது பற்றி ஊசியும்நூலும் சொன்னதை நான் முழுக்க ஏற்கவில்லை. மாப்பசையில் கட்டிய பழைய கணக்குப் புத்தகங்கள் இதே ஊரில் அரை நூற்றாண்டு நின்றதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அவை திறந்து மூடிப் புழங்கிய புத்தகங்கள். பூட்டிவைக்கும் பெட்டிக்குக் கழற்றும் மட்டை நல்லது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

கடலோரக்கிளி
கடதாசியை உரித்தேன். மூடிப் பக்கம் அதற்குக் கீழே பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாள்! சரியாக வாசிக்க முடியவில்லை, ஒரு சினிமா விளம்பரமும் தானிய விலையும் தெரிகிறது. தேதியிருக்கும் மூலை கிழிந்துவிட்டது. இதையும் எடுக்கத்தான் வேண்டுமா?

கனடாத்_தம்பலகாமம்
தயவுசெய்து எடுக்காதீர்கள்! என்னைக் கேட்டால் பெட்டியையே தொடாதீர்கள். பழமை என்றால் பழமையாகவே இருக்க வேண்டும். உட்புறம் மாற்றிய பெட்டிக்கு இங்கே யாரும் காசு தரமாட்டார்கள்.

பாலையூற்றுத் தச்சன்
அண்ணை, அவர் விற்கவில்லை, வீட்டில் வைத்துப் புழங்கப் போகிறார். பூஞ்சணம் பிடித்த கடதாசியைப் பழமை என்று விட்டால் சேலையும் படங்களும் போகும். ஆனால் பத்திரிகை விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன்.

வாடைக்காற்று
1957 இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கைக்குக் கொடுக்கும்வரை டொக்யார்டில் வேலை என்றால் ஊரில் பெரிய மரியாதை. கப்பல்காரர் விட்டுப்போன பெட்டிகளும் கடையில் வாங்கியவையும் என்று பல வீடுகளில் இப்படியான சூட்கேஸ்கள் இருந்தன. தொண்ணூறாம் ஆண்டு போரில் இடம்பெயர்ந்தபோது எத்தனையோ போய்விட்டது. மிஞ்சியது அபூர்வம். தாளை எடுக்கக் கூடாது.

நூல்கட்டு
எடுக்கத் தேவையே இல்லை. அதற்குத்தான் கழற்றும் மட்டை. தாளில் பூஞ்சணம் இருந்தால் மெல்லிய தூரிகையால் வெளியில் வைத்துத் தட்டிவிடுங்கள், ஸ்பிரிட் தொடாதீர்கள், மை கரையலாம். செலக்கும் அந்த இடத்தில் பூச வேண்டாம், தாள் மஞ்சளாகும். பகல் வெளிச்சத்தில் ஒரு நல்ல படம் எடுத்து வையுங்கள். பிறகு அதன் மேல் அமிலமில்லாத ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு மேலே உங்கள் மூடிப்பலகை வரட்டும். பார்க்க வேண்டுமென்றால் பலகையைக் கழற்றிப் பார்க்கலாம்.

கடலோரக்கிளி
சரி ஐயா, அப்படியே செய்கிறேன். அடுத்தது சேலை. அம்மா ஒரு பக்கம் ‘வெட்டு’ என்கிறார், மறுபக்கம் முகம் வாடுகிறது. எனக்கும் கத்தரிக்கோல் வைக்கக் கை வரவில்லை.

ஊசியும்நூலும்
அப்படியென்றால் எல்லாப் பக்கத்துக்கும் சேலை வேண்டாம். சுவர்களுக்கும் அடிக்கும் மருதமுனைக் கைத்தறித் துணி எடுங்கள், சேலையின் நிறத்துக்குப் பொருத்தமாக ஏதாவது. நல்ல இறுக்கமான நெசவு, மட்டையில் இழுத்துப் போர்த்த ஏற்றது. மத்திய வீதிப் பக்கம் துணிக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். சேலையில் கிழிந்த நடுப்பகுதியை மட்டும் வெட்டி மூடிப்பலகைக்குப் போடுங்கள். முந்தானையும் கரையும் முழுதாக மிஞ்சும், அதை மடித்துப் பெட்டிக்குள்ளேயே வைக்கலாம். கிழிசல் இடத்துக்குப் பின்னால் மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி வைத்து ஊசியால் பிடியுங்கள், இழுக்கும்போது கிழிசல் பெருக்காது.

அந்தச் சேலைத் துண்டைப் பசை வைத்து ஒட்ட வேண்டாம். மட்டையின் பின்னால் துணியின் இரண்டு எதிர்ப் பக்கங்களையும் நூலால் இழுத்து இழுத்துத் தையுங்கள், சப்பாத்துக்கு நாடா கட்டுவது போல. நீளவாட்டில் ஒருதரம், அகலவாட்டில் ஒருதரம். மூலையில் துணியைச் சரிவாக மடித்தால் குமியாது. எப்போது வேண்டுமானாலும் நூலை வெட்டிவிட்டுச் சேலைத் துண்டை அப்படியே எடுக்கலாம், ஒரு கறை இருக்காது. அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பை வைப்பதென்றால் மூடிப்பலகையில், போர்த்துவதற்கு முன் தைக்க வேண்டும். பலகையின் அகலத்தைப்போல ஒன்றரை மடங்கு நீளத் துண்டை எடுத்து, மேல் விளிம்பில் இலாஸ்ரிக் ஓட்டினால் சுருக்கு அழகாக விழும். பாரமான எதையும் அதற்குள் வைக்கக் கூடாது.

கடலோரக்கிளி
அம்மா சம்மதித்துவிட்டார். சேலைத் துண்டைத் திரும்ப எடுக்கலாம் என்றதும்தான் முகம் தெளிந்தது.

பைக்குப் பதிலாக மூடியில் அம்மப்பாவின் படங்களையும் இரண்டு கடிதத்தையும் ஒட்டலாமா என்று தம்பி கேட்கிறான்.

நூல்கட்டு
மூலப்படங்களை ஒருபோதும் ஒட்டக் கூடாது. பிரதி எடுங்கள். அதையும் லேசர் பிரிண்டரில் எடுக்கச் சொல்லுங்கள். இங்க்ஜெட் என்றால் பசை ஈரம் பட்டதும் மை ஓடும், கடிதத்தின் எழுத்தெல்லாம் நீலமாய்ப் பரவும். தனி மட்டையில் பிரதிகளை ஒட்டி, அதையும் செருகுவதாக வைத்தால், ஒரு பொங்கலுக்குப் படம், அடுத்த பொங்கலுக்குத் துணி என்று மாற்றிக்கொள்ளலாம்.

எனக்கென்றால் துறைமுக வரைபடம் ஒன்று போடுவேன். உள்துறைமுகம், பிரட்றிக் கோட்டை, சீனன்குடா எல்லாம் தெரிகிற பழைய வரைபடம். டொக்யார்ட்காரர் பெட்டிக்கு அது பொருந்தும். பூப்போட்ட கடதாசி எல்லாருமே ஒட்டுகிறார்கள்.

வாடைக்காற்று
வரைபடத்துக்கு என் வாக்கு.

கிண்ணியா_நானா
பூட்டையும் மூலை ஆணிகளையும் யாரும் பேசவில்லையே. உட்பக்கம் ரிவிட் முனைகள் துருப்பிடித்திருக்கும். அந்தத் துரு துணியில் பட்டால் மண்ணிறப் பொட்டாக இறங்கும், பிறகு எதற்கும் போகாது. மெல்லிய ஸ்டீல் வுல்லால் உலர்வாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, ஒவ்வொரு முனையிலும் ஒரு சொட்டு செலக்கோ நெயில் பொலிஷோ வையுங்கள். வினாகிரி ஊற்றாதீர்கள். துரு போகும், ஆனால் அங்கே கழுவ முடியாது, மிஞ்சிய புளிப்பு அடுத்த மாதமே புதுத்துரு கொண்டுவரும். பித்தளைப் பூட்டுக்குக் குத்துவிளக்கைப் போலப் புளி போட்டுத் தேய்க்கும் ஆசையும் வேண்டாம், அதே காரணம். சுற்றிவர டேப் ஒட்டிவிட்டு, துணியில் பிராசோ பொலிஷ் தொட்டுத் துடைத்தால் போதும். கடைசியில் மெழுகு கொஞ்சம் பூசினால் உப்புக்காற்று பிடிக்கச் சுணங்கும்.

கைப்பிடியையும் தூக்கிப் பாருங்கள். தோல் உள்ளே உளுத்திருந்தால் பெட்டியைக் கைப்பிடியில் தூக்க வேண்டாம், கீழே கைகொடுத்துத் தூக்குங்கள். சப்பாத்துத் தைப்பவரிடம் புதுத்தோல் போட்டுக்கொள்ளலாம்.

கனடாத்_தம்பலகாமம்
நான் முதலில் தொடாதே என்றவன். பத்திரிகையை மூடிவைத்து, எல்லாவற்றையும் கழற்றலாம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தப் பத்திரிகைப் படத்தை இங்கே போடுங்கள், சினிமா விளம்பரத்தை வைத்தே ஆண்டைக் கண்டுபிடிக்கலாம்.

கடலோரக்கிளி
போடுகிறேன் அண்ணா. மட்டை வெட்டியாயிற்று, கைத்தறி பச்சையும் மஞ்சளும் கலந்தது எடுத்தேன். அடிப்பலகை கொஞ்சம் இறுக்கம், ஓரத்தை சாண்ட்பேப்பரால் தேய்த்தால் இறங்கும் போலிருக்கிறது.

ஒரு கடைசிக் கேள்வி. சாவி இல்லை. துணியெல்லாம் போட்ட பிறகு தவறி மூடினால் பூட்டிக்கொள்ளுமா?

கிண்ணியா_நானா
இந்த வகைக் கொளுக்கிகள் பெரும்பாலும் தானாகப் பூட்டாது. அழுத்தினால் கொளுவும், பொத்தானைத் தள்ளினால் திறக்கும், சாவியைத் திருப்பினால்தான் பூட்டும். ஆனாலும் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே கொளுக்கியை விரலால் அழுத்திப் பாருங்கள், பொத்தானுக்கு விடுகிறதா என்று. இரண்டையும் பாருங்கள், ஒன்று விட்டு மற்றது இறுகுவதும் உண்டு. இறுகினால் ஊசி முனையில் ஒரு சொட்டு தையல் மெசின் எண்ணெய், ஊற்றிவிடாதீர்கள், கைத்தறியில் படும். சாவி வேண்டுமென்றால் கடைத்தெருவில் சாவி வெட்டுபவரிடம் பெட்டியோடு போங்கள். தட்டைச் சாவிதான், பெரிய வேலையில்லை.